மீன் தொட்டிக்கு எந்த மண்?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

நெல்லுக்கு என்ன மண், கரும்புக்கு என்ன மண், நிலக்கடலைக்கு என்ன மண் என்று பல தடவை பேசியிருக்கிறோம். இன்றைக்குக் கொஞ்சம் வேறு மாதிரியான ஒரு பயிர். கண்ணாடித் தொட்டிக்குள்ளே, தண்ணீருக்கு அடியிலே, மீன்களுக்கு நடுவிலே வளர்கிற செடிகள். "இது பட்டணத்துக்காரங்க பொழுதுபோக்கு, நமக்கு எதுக்கு?" என்று ரேடியோவைத் திருப்பப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சென்னையில் கொளத்தூர் என்றாலே வண்ண மீன்தான். அந்தக் கடைகளுக்குப் போகிற மீன்களில் நிறைய, சுற்றுவட்டாரக் கிராமங்களில், வீட்டுக் கொல்லையில், சிமெண்டுத் தொட்டியில் வளர்ந்தவை. மீன் வாங்குகிறவர் இப்போது செடியும் கேட்கிறார். செடி வளர்ப்பது நம்முடைய தொழில். ஆகவே இது நம்முடைய பேச்சுதான்.

தொட்டியின் அடியில் பரப்புகிற மண், மணல், சரளை எல்லாவற்றையும் சேர்த்துப் படுகை என்று சொல்லிக்கொள்வோம். ஆற்றுப்படுகை மாதிரி தொட்டிப்படுகை. அதற்கு எதைப் போடுவது என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் வட்டாரத்தில் ஓர் அம்மா. ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. கொல்லையில் இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி என்கிற சிறிய வண்ண மீன்களை வளர்த்து வந்தார். மீன் எடுக்க வருகிற வியாபாரி, "செடியும் போட்டுக் கொடுங்கம்மா, எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் வந்து, "சார், தொட்டிக்குள்ள செடி வைக்கணும், எந்த மண்ணு போடறது?" என்று கேட்டார். நான் வேளாண்மை படித்தவன். நாற்றங்காலுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன். "ஏரி வண்டல் நாலு கூடை, தொழுவுரம் ஒரு கூடை, டி.ஏ.பி. ஒரு கைப்பிடி, மேலே தண்ணீர் விட்டு நட்டுடுங்க" என்றேன். மீனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆள் வந்தது. "சார், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது" என்றார்கள். நான் போய்ச் சேருவதற்குள் பாதி மீன் வெள்ளை வயிறு காட்டி மிதந்தது. சாயங்காலத்துக்குள் மீதியும் போயிற்று. வியாபாரிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த மீன் அது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "வெயில் ஜாஸ்தி சார், அதனால இருக்கும்" என்றார். வெயில் இல்லை, என் பேச்சுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.ஏ.பி. உரத்தில் நூற்றுக்குப் 18 பங்கு தழைச்சத்து. ஒரு கைப்பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது கிராம் தழைச்சத்து. தொட்டி ஐந்நூறு லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 18 மில்லிகிராம் ஆகிறது. பாதியை மண் பிடித்துக்கொண்டது என்றாலும் ஒன்பது மில்லிகிராம். இது தண்ணீரில் அம்மோனியாவாக நிற்கிறது. அம்மோனியாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். இன்னொன்று செவுளைச் சுட்டுப் பொசுக்குகிற அம்மோனியா வாயு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் கார அமில நிலை, அதாவது பி.எச்., தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் நூறில் ஒரு பங்குகூட விஷ வடிவம் கிடையாது. 8 ஆனால் சுமார் ஏழு பங்கு. 9 ஆனால் கிட்டத்தட்டப் பாதி. விஷ வடிவம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே செவுள் கெட ஆரம்பிக்கும். வெயிலில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் பச்சைப்பாசி வேலை செய்யச் செய்ய, மத்தியானத்தில் பி.எச். தானாக ஏறும். மீன் மத்தியானத்தில் செத்ததற்கு அர்த்தம் இதுதான்.

இதே அம்மோனியா வாயு நெல் வயலிலும் கிளம்புகிறது. நின்ற தண்ணீரில் யூரியாவைத் தூவாதீர்கள், தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் போடுங்கள் என்று நாங்கள் சொல்வது அதற்காகத்தான். வயலில் அது காற்றோடு போகிறது, நமக்குக் காசு நஷ்டம். தொட்டியில் அது மீனின் செவுளுக்குள் போகிறது.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிப் படித்தேன். வீட்டுத் தாழ்வாரத்தில் நாலு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, நாலு விதப் படுகை போட்டுச் செடி நட்டுப் பார்த்தேன். வீட்டில், "ஆபீசிலே மண்ணு பத்தலையா, இங்க வேறயா?" என்று கேட்டார்கள். அது போகட்டும்.

நம் விவசாயிக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மண்ணைப் பற்றிப் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சேற்று வயலில் இறங்கினால் குமிழி வருகிறது. தண்ணீர் மேல் செம்படலம் மிதக்கிறது. நெல்லைப் பிடுங்கினால் நல்ல வேர் செம்பழுப்பாக இருக்கிறது. கெட்ட வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. இத்தனையும் நீங்கள் பார்த்ததுதான். மண் நீரில் மூழ்கியதும் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே பிராணவாயு தீர்ந்துவிடும். அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், பிறகு இரும்பையும், அதுவும் போதாமல் கந்தகத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். இரும்பு கரையும் நிலைக்கு வருவதும், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த மணிச்சத்து விடுபடுவதும் செடிக்கு நல்லது. கந்தகம் வரைக்கும் போனால் அழுகிய முட்டை நாற்றம், வேர்க் கருகல். நெல்வேர் தண்டு வழியாகக் காற்றைக் கீழே கொண்டுபோய்த் தன்னைச் சுற்றிலும் விட்டுக்கொள்கிறது. வேரின் மேல் செம்பழுப்பு படிவது அதனால்தான். தொட்டிச் செடிகளில் வாலிஸ்னேரியா, அமேசான் வாள்செடி என்கிற எக்கினோடோரஸ், இவையெல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே மண்ணுக்குள் நடப்பது வயலில் நடப்பதேதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வயலுக்கு வடிகால் உண்டு, தொட்டிக்குக் கிடையாது. போட்டது எல்லாம் உள்ளேயே இருக்கும்.

சரி, எதைப் போடலாம்?

ஆற்று மணலை மட்டும் போட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். சுத்தமாக இருக்கும், தண்ணீர் கலங்காது, மீனுக்குத் தொல்லை இல்லை. ஆனால் மணல் எந்தச் சத்தையும் பிடித்து வைக்காது. களிமண் துகள்களும் மக்கிய பொருளும் அம்மோனியம், சாம்பல் சத்து, இரும்பு இவற்றைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கும். மணலுக்கு அந்தக் குணம் இல்லை. என் தாழ்வாரத்து மணல் தொட்டியில் வாலிஸ்னேரியா உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். இலை நூல் மாதிரி மெலிந்து, பசுமை வெளுத்துப் போயிற்று. பிறகு மீன் வளர வளர அதன் கழிவு மணலுக்குள் இறங்கியபோது கொஞ்சம் தேறியது. மீன் அதிகம், செடி கொஞ்சம் என்று வைப்பவருக்கு மணல் போதும்.

மணலிலும் தினுசு உண்டு. மாவு மாதிரி குறுமணல் போட்டால் இறுகிவிடும், வேர் திணறும். பெரிய கூழாங்கல் போட்டால் இடுக்குகளில் தீனி விழுந்து அழுகும், செடியும் நிற்காது. இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் பருமன் இருக்கிற பருமணல்தான் சரி. அரிசிக் குருணை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்-சாண்டு என்கிற அரைத்த கல்மணலும் போடலாம். தூள் போகிற வரை நன்றாக அலச வேண்டும். அதன் முனைகள் கூராக இருக்கும். அடியில் மேய்கிற மீசை மீன்கள், மணலுக்குள் தலையை விட்டு ஒளிகிற நம் அயிரை, இவை இருக்கிற தொட்டியில் அது வேண்டாம். மீசையும் வாயும் தேய்ந்துபோகும். ஆற்று மணலை அனுமதி இல்லாமல் அள்ளுவது குற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொட்டிக்கு ஒரு கூடைதானே என்று நினைக்காமல் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் மணல், கிளிஞ்சல், வெள்ளைச் சலவைக்கல் துண்டு, பவளத்துண்டு, இவற்றை அழகுக்காகப் போடுகிறார்கள். இவை எல்லாம் சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், பி.எச்.சை ஏற்றும். பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எந்தச் சரளையானாலும், வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நாலு கல்லை எடுத்து, அதன்மேல் காடி, அதுதான் வினிகர், கொஞ்சம் விடுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. சுக்கான்கல் கலந்த மண்ணும் இப்படியே பொங்கும். மோலி, கப்பி மீன்களுக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். வாலிஸ்னேரியாவும், நம் குளங்களில் வேலம்பாசி என்று சொல்கிற ஹைட்ரில்லாவும்கூடத் தாங்கும். கபோம்பா போன்ற மென்மையான செடிகள் தாங்காது. போர்வெல் தண்ணீரே ஏற்கெனவே கடினமாக இருக்கிற ஊர்களில் படுகையிலும் சுண்ணாம்பு சேர்ப்பது வீண் வம்பு.

இனி மண். கரிசல் மண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கிற சக்தி மிக அதிகம். அதை நம்பி என் இரண்டாவது தொட்டியில் போட்டேன். மண் உப்பிக்கொண்டு, மேலே போட்ட மணலைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு செடியைத் தொட்டால் போதும், தண்ணீர் மோர்க்குழம்பு மாதிரி கலங்கும். நம் கரிசலில் பல இடங்களில் சுண்ணாம்பும் சேர்ந்தே இருக்கிறது. தொட்டிக்குக் கரிசல் வேண்டாம் என்பது என் கருத்து.

செம்மண்ணில் சத்துப் பிடிப்பு குறைவு. ஆனால் இரும்பு தாராளமாக இருக்கிறது, உப்புவதில்லை, அங்ககப் பொருள் குறைவாக இருப்பதால் அழுகல் பயமும் குறைவு. புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான மண். ஏரி வண்டலில் சத்து அதிகம். அதே காரணத்தால் அபாயமும் அதிகம். அதைப் பழக்காமல் போடக் கூடாது. ஊர்ச் சாக்கடை கலக்கிற ஏரியின் வண்டலைத் தொடவே வேண்டாம். நான் இப்போது சொல்வது, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு வண்டல். தொழுவுரம் கிடையாது, டி.ஏ.பி. கிடையாது, யூரியா கிடையவே கிடையாது. மண்புழு உரம் கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். செடி வேர் பிடித்து, மூன்று நாலு மாதம் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வயல் மண்ணை எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பருத்தி, கத்தரி மாதிரி அடிக்கடி மருந்தடித்த வயலின் மேல்மண் கூடாது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மீனுக்கு அவை மிகச் சிறிய அளவிலேயே விஷம். வெள்ளை பூத்த உவர் மண்ணும் கூடாது. சந்தேகமாக இருந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து பி.எச்.சும் உப்பு நிலையும் பாருங்கள். பயிருக்குப் பார்க்கிற அதே பரிசோதனைதான்.

மண்ணைப் பழக்குவது என்று சொன்னேனே, அதைச் சொல்கிறேன். இதில் அவசரம் கூடாது. மண்ணைச் சல்லடையில் சலித்து, வேர், தழை, கல் எல்லாம் நீக்குங்கள். அகலமான தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். மிதப்பதை வடித்து எறியுங்கள். ஒரு நாள் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, வெயிலில் காயப் போடுங்கள். பொருக்கு வெடிக்கிற வரை காய வேண்டும். மறுபடி நனைத்து, கலக்கி, காயவையுங்கள். இப்படி மூன்று தடவை, நாலு தடவை. நனைந்து காய்கிற ஒவ்வொரு தடவையும் மண்ணில் உள்ள பச்சைக் கழிவு மக்கித் தீர்கிறது. அம்மோனியா கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரேட்டாக மாறி இறுத்த தண்ணீரோடு போய்விடுகிறது. கோடை உழவு போட்டு வயலை ஆறவிட்டு, முதல் மழைக்கு விடுகிறோமே, அதே வேலைதான், தட்டுக்குள்ளே நடக்கிறது. பழகிய மண்ணை மோந்து பார்த்தால் முதல் மழை வாசனை வரும். சாண வாடையோ சாக்கடை வாடையோ இருந்தால் இன்னொரு தடவை.

அமெரிக்காவில் டயானா வால்ஸ்டட் என்கிற அம்மையார் 1999-இல் ஒரு புத்தகம் எழுதினார். தொட்டியின் அடியில் சாதாரணத் தோட்டமண், அதன்மேல் மெல்லிய சரளை, நிறையச் செடி, இவ்வளவு போதும் என்பது அவருடைய வழி. அதைப் படித்தபோது எனக்கு நம்முடைய நெல் வயல்தான் ஞாபகம் வந்தது. ஜப்பானிலிருந்து சுட்ட மண் உருண்டைகளும் கடைகளில் வருகின்றன. நல்ல பொருள்தான். பி.எச்.சைச் சற்று இறக்கி வைக்கும், சத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் விலை கூடுதல். நாளாக ஆக உருண்டைகள் உதிர்ந்து சேறாகும். முதல் சில வாரம் அதிலிருந்தும் அம்மோனியா வரும். கடைக்காரர் எல்லாரும் அதைச் சொல்வதில்லை. சுட்ட மண்தான் வேண்டுமென்றால், நன்றாக வெந்த செங்கலை உடைத்துச் சலித்து, பட்டாணி அளவில் மணலோடு கலக்கலாம். அதிலும் நுண்துளை உண்டு.

தொட்டியில் போடுகிற முறையைக் கவனியுங்கள். மூன்று அடி நீளம், ஒரு அடி அகலம் உள்ள கண்ணாடித் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். பழகிய மண் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். ஏழு லிட்டர் மண் போதும். கண்ணாடியை ஒட்டி நாலு பக்கமும் இரண்டு விரற்கடை மண் வராமல் விட்டு, அங்கே மணலே நிரப்பினால் பார்க்க அழகாக இருக்கும். மண்ணுக்கு மேல் அலசிய பருமணல் ஒன்றரை அங்குலம். அதற்குச் சுமார் 16 கிலோ மணல் ஆகும். பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்தி விடுங்கள். மண் மூன்று அங்குலம், நாலு அங்குலம் என்று ஆழமாகப் போட்டால் கீழே கந்தகம் வரைக்கும் போய்விடும். அதிகம் போட்டால் அதிகம் வளரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

தண்ணீர் விடும்போது மணல் மேல் ஒரு வாழையிலைத் துண்டை விரித்து, அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். மண் கிளம்பாது. அன்றைக்கே செடிகளை நெருக்கமாக நடுங்கள். இடம் விட்டால் பாசி வந்து உட்கார்ந்துகொள்ளும், வயலில் களை வருகிற மாதிரி. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மீன் விடுவதற்கு நாலு வாரமாவது, முடிந்தால் ஆறு வாரம் பொறுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் மணலில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற சோதனைத் திரவம் வண்ண மீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டுமே இல்லை என்று தெரிந்த பிறகு முதலில் நாலு மீன். ஒரு வாரம் கழித்து மற்றவை.

எல்லாச் செடிக்கும் மண் தேவை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்கினோடோரஸ், கிரிப்டோகொரைன், நம் கொட்டிக்கிழங்கு, இவை வேர் வழியாக நன்றாகச் சாப்பிடுகிறவை. இவற்றுக்கு மண் படுகை போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கிரிப்டோகொரைன் இடம் மாற்றியதும் இலையெல்லாம் கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேர் இருந்தால் மறுபடி தழைக்கும். ஹைட்ரில்லாவும் நீர்ப்பிரமியும் தண்ணீரிலிருந்தும் சத்து எடுத்துக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டையும் மண்ணில் புதைக்கவே கூடாது. கிழங்கு போன்ற தண்டு அழுகிவிடும். ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி வையுங்கள். ஜாவா பாசிக்கும் கட்டைதான். இந்த மூன்றை மட்டும் வளர்ப்பவர் படுகைக்குச் செலவே செய்ய வேண்டாம்.

இதுவரை சொன்னது வீட்டுத் தொட்டிக்கு. விற்பனைக்குச் செடி வளர்ப்பவர்கள் சிமெண்டுத் தொட்டியின் அடி முழுக்க மண் பரப்பாதீர்கள். சிறு பிளாஸ்டிக் தட்டுகளில் இரண்டு அங்குலம் மண், அரை அங்குலம் மணல் போட்டு, அதில் நட்டுத் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஏதாவது கெட்டால் அந்தத் தட்டை மட்டும் எடுத்துவிடலாம். விற்கும்போது வேரை அலசிக் கொடுப்பதும் சுலபம். புதுச் சிமெண்டுத் தொட்டியானால் பல தடவை தண்ணீர் நிரப்பி ஊறவைத்து வடித்த பிறகே பயன்படுத்துங்கள். சிமெண்டும் காரம் விடும்.

இன்னொரு வழி, நம் ஆட்களுக்கு மிகவும் பொருந்துகிற வழி. இந்தச் செடிகளில் பலவற்றைத் தண்ணீருக்கு வெளியே, ஈரச் சேற்றில், நிழல்வலைக்குக் கீழே, நாற்றங்கால் போலவே வளர்க்க முடியும். எக்கினோடோரஸ், கிரிப்டோகொரைன், நீர்ப்பிரமி, ஹைக்ரோஃபிலா, அனுபியாஸ் எல்லாம் அப்படி வளரும். வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளும் இப்படித்தான் செய்கின்றன. அங்கே மீன் கிடையாது. ஆகவே மக்கிய தொழுவுரமும் போடலாம், அளவாக உரமும் போடலாம். நான் அந்த அம்மாவுக்குத் தொட்டிக்குள் போடச் சொன்ன கலவை, இங்கே நாற்றங்காலில் போட வேண்டிய கலவை. இப்படி வளர்த்த செடியைத் தண்ணீருக்குள் நட்டதும் பழைய இலை உதிர்ந்து, வேறு வடிவத்தில் புது இலை வரும். வாங்குகிறவரிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும்.

மிச்சம் மீதிச் செடியை ஏரியிலும் வாய்க்காலிலும் எறியாதீர்கள். வெங்காயத்தாமரை நம்மைப் படுத்துகிற பாடு தெரியும். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் 2020-இல் ஒரு கால்வாய் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பூத்தது கபோம்பா, தென் அமெரிக்கச் செடி. அழகுத் தொட்டிகளில் வளர்க்கிற இனம்தான். கழித்த செடியைக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். செத்த மீனுக்கு நான் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "மண்ணு மட்டும் சரியா சொல்லிக் குடுங்க சார்" என்றார். நாலு தட்டில் செம்மண்ணும் வண்டலும் பழக்கி, இரண்டு பேரும் சேர்ந்து வாலிஸ்னேரியா நட்டோம். மூன்றாம் வாரம் அது ஓடுகொடி விட்டு, பக்கத்துத் தட்டுக்குத் தாவிவிட்டது. ஆறாம் வாரம் அவர் ஒரே ஒரு ஜோடி கப்பியை விட்டார். நாலு நாள், காலையும் மத்தியானமும் போய்ப் போய்ப் பார்த்தாராம். இப்போது ஒரு தொட்டி முழுக்கத் தட்டுகள்தான். போன வாரம் நான் போனபோது, சிவப்பு இலைச் செடி ஒன்றைக் காட்டி, "இது இங்க வந்ததும் பச்சையாயிடுச்சு சார், மண்ணு குத்தமா?" என்று கேட்டார். மண் குற்றம் இல்லை, வெளிச்சம் போதவில்லை, நிழல்வலையை ஒரு பக்கம் விலக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாராவது தொட்டி வைக்க நினைத்தால், நீங்கள் போடப்போகிற மண்ணில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், அதற்கும் மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். மறுநாளும் தண்ணீர் தெளியாவிட்டால் அந்த மண் தொட்டிக்கு ஆகாது. தெளிந்தால் அந்தப் புட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்துக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.